கொரிய வரலாற்றை சீரீஸ் வழியாகக் கற்க ஆசையா? அரண்மனையில் ஆரம்பிக்காதீர்கள்

கொரியன் சீரீஸ் பார்த்து அந்த நாட்டின் மேல் ஒரு பிடிப்பு வந்தவர்கள் கொஞ்ச நாளில் கேட்கிற கேள்வி இது: இவர்களுடைய வரலாற்றையும் சீரீஸ் வழியாகவே தெரிந்துகொள்ள முடியுமா, முடியும் என்றால் எதில் ஆரம்பிப்பது? கேட்டவுடன் எல்லாரும் ராஜா காலத்துத் தொடர் ஒன்றின் பெயரைத்தான் சொல்வார்கள். பட்டுத் துணி, அகலமான கறுப்புத் தொப்பி, ஓடு வேய்ந்த அரண்மனை, முற்றத்தில் மண்டியிட்டுக் கதறும் மந்திரிகள், வரலாறு என்றாலே அதுதானே என்று நினைப்பு. நான் சொல்வது நேர் எதிர். 1980களில் ஆரம்பியுங்கள், அங்கிருந்து படிப்படியாகப் பின்னால் போங்கள், அரண்மனைக்குக் கடைசியில் வாருங்கள்.

காரணம் எளிது. ராஜா காலத்துத் தொடரைக் கொரியாவில் சாகுக் என்பார்கள். அது கொரியர்களுக்காக எடுக்கப்படுவது. செஜோங் யார், சாதோ இளவரசர் எப்படிச் செத்தார், யி பாங்வொன் யாரைக் கொன்று அரியணை ஏறினார் என்பதெல்லாம் அவர்கள் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டார்கள். தெரிந்த முடிவை நோக்கிக் கதை எப்படிப் போகிறது, எங்கே கற்பனை சேர்க்கிறார்கள் என்று பார்ப்பதில்தான் அவர்களுக்குச் சுவை. நமக்கு அந்த அடித்தளம் கிடையாது. எது நடந்தது, எது எழுத்தாளர் சேர்த்தது என்று பிரித்துப் பார்க்க வழியே இல்லாமல், கத்திச் சண்டையையும் காதலையும் சதியையும் ஒரே மூட்டையாக வரலாறு என்று வாங்கி வைத்துக்கொள்வோம். அண்மைக் காலத்தைப் பற்றிய தொடரில் நிலைமை வேறு. அந்தக் காலத்தில் வாழ்ந்தவர்கள் இன்னும் வீட்டில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அடுப்பு தப்பாக இருந்தால், பள்ளிப் பை தப்பாக இருந்தால், அடுத்த நாளே சொல்லிவிடுவார்கள். அந்தப் பயம் எடுப்பவர்களைக் கவனமாக வைத்திருக்கிறது.

ஆகவே முதலில் 'ரிப்ளை 1988'. 2015 கடைசியில் டிவிஎன் சேனலில் ஆரம்பித்து அடுத்த ஜனவரியில் முடிந்தது, 20 எபிசோட், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்கு நன்றாகவே மேல். வடக்கு சியோலில் சாங்முன்-தோங் என்ற பகுதியில் ஒரே சந்தில் இருக்கும் ஐந்து குடும்பங்கள், அவ்வளவுதான் கதை. முதல் எபிசோடில் ஒரு சாப்பாட்டுக் காட்சி வரும். ஒரு வீட்டில் சமைத்ததை அம்மா ஒரு பாத்திரத்தில் போட்டுப் பக்கத்து வீட்டுக்கு அனுப்புவார், அந்த வீட்டுக்காரர் வெறும் பாத்திரத்தைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று தங்கள் வீட்டுப் பதார்த்தத்தை வைத்துக் கொடுப்பார், அது இன்னொரு வீட்டுக்குப் போகும், பிள்ளைகள் எல்லாரும் பாத்திரமும் கையுமாகச் சந்தில் குறுக்கும் நெடுக்கும் ஓடிக்கொண்டே இருப்பார்கள். கடைசியில் எல்லா வீட்டு மேஜையிலும் எல்லா வீட்டுச் சாப்பாடும் இருக்கும். தெருவில் வளர்ந்த யாருக்கும் இதற்கு விளக்கம் தேவையில்லை.

ஆனால் நான் இதை முதலில் வைப்பது பாசத்துக்காக மட்டும் இல்லை. அந்தக் காலத்தின் பொருளாதாரம் அந்த வீடுகளின் அமைப்பிலேயே இருக்கிறது. கதாநாயகி தொக்சனின் அப்பா வங்கி ஊழியர், கைநிறையச் சம்பளம் வரவேண்டியவர், நண்பருக்குக் கடன் ஜாமீன் போட்டு மாட்டிக்கொண்டதால் குடும்பமே அடுத்தவர் வீட்டின் பாதி நிலத்தடித் தளத்தில் வாடகைக்கு இருக்கிறது. மேலே இருக்கும் வீட்டுக்காரர்களும் நேற்றுவரை பரம ஏழைகள், ஒலிம்பிக் லாட்டரியில் பரிசு விழுந்து பணக்காரர் ஆனவர்கள். அறையைச் சூடாக்கத் தரைக்குக் கீழே நிலக்கரி வில்லைகளை எரிப்பார்கள், அந்தப் புகை கசிந்து தூக்கத்திலேயே ஆள் செத்துப்போவது அன்றைய கொரியாவில் சாதாரணமாக நடந்த விஷயம். தொடரிலும் ஒரு ராத்திரி புகை கசிந்து பிள்ளைகளை வெளியே இழுத்துப்போட்டு முள்ளங்கிக் கிம்ச்சித் தண்ணீரைக் குடிக்க வைப்பார்கள், அதுதான் வீட்டு வைத்தியம். தொக்சன் சியோல் ஒலிம்பிக் தொடக்க விழாவில் மடகாஸ்கர் நாட்டின் பெயர்ப்பலகையைத் தூக்கிப் போவதற்காக மாதக்கணக்கில் பயிற்சி எடுப்பாள். அதே வீட்டில் அவளுடைய அக்கா போரா, பல்கலைக்கழக மாணவி, போராட்டத்துக்குப் போய் போலீஸ் தேடும் நிலையில் இருப்பாள். உலகத்துக்குக் காட்டுகிற விழாவும் உள்ளே நடக்கிற போராட்டமும் ஒரே பாதி நிலத்தடி வீட்டில் பக்கத்துப் பக்கத்தில் படுத்துத் தூங்குகின்றன. மழையில் நின்று என் பெண்ணை விட்டுவிடுங்கள் என்று போலீஸிடம் அந்த அம்மா கெஞ்சுகிற காட்சியைப் பார்த்த பிறகு, 1987 ஜூன் எழுச்சி என்றால் என்ன, ராணுவ ஆட்சியாளர்கள் ஏன் மக்கள் நேரடியாக வாக்களிக்கும் அதிபர் தேர்தலுக்கு ஒப்புக்கொள்ள வேண்டிவந்தது என்று நீங்களே தேடிப் படிப்பீர்கள். ஒரு தொடர் செய்ய வேண்டிய வேலை இதுதான் என்று நினைக்கிறேன்.

அடுத்து அங்கிருந்து எட்டு வருடம் பின்னால் போங்கள். 'யூத் ஆஃப் மே', கேபிஎஸ், 2021, வெறும் 12 எபிசோட். 1980 மே மாதம் குவாங்ஜு நகரத்தில் ஒரு மருத்துவ மாணவனும் ஒரு நர்ஸும் காதலிக்கிறார்கள். மே 18 அன்று ராணுவத்தின் பாராசூட் படை அந்த நகரத்துக்குள் போராடிய மக்களை என்ன செய்தது என்பதுதான் மீதி. ராணுவத் தளபதி சுன் தூ-ஹ்வான் அதிகாரத்தைப் பிடித்துக்கொண்டிருந்த நேரம் அது. குவாங்ஜுவில் நடந்ததைப் பற்றி வெளிப்படையாகப் பேசவே பல வருடம் ஆனது, 2011இல் அதன் ஆவணங்கள் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்தன. தொடரின் முதல் பாதி மெதுவாகவே போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த மெதுவான நாட்களின் மேல்தான் துப்பாக்கிச் சத்தம் வந்து விழுகிறது.

சரி, இன்னும் பின்னால். இங்கே இரண்டு தேர்வு இருக்கிறது, இரண்டும் பெரிய செலவில் எடுத்தவை: 'பச்சிங்கோ' ஒன்று, 'மிஸ்டர் சன்ஷைன்' இன்னொன்று. ஒன்றுதான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் பச்சிங்கோவை எடுங்கள். இது ஆப்பிள் டிவியில் 2022இல் வந்த அமெரிக்கத் தயாரிப்பு, ஒரு நாவலிலிருந்து எடுத்தது. பூசானுக்குப் பக்கத்தில் யோங்தோ தீவில் பிறந்த சுன்ஜா என்ற பெண் ஜப்பான் ஆட்சிக் காலத்தில் ஒசாகாவுக்குப் போய்ப் பேரன் காலம்வரை அங்கேயே வேரில்லாமல் வாழ்வதுதான் கதை. வெளியாட்களுக்காக எடுத்ததால் தெரியாதவருக்கும் புரிகிறது. கொரிய மொழி வசனத்துக்கு மஞ்சளிலும் ஜப்பானிய வசனத்துக்கு நீலத்திலும் சப்டைட்டில் போட்டிருக்கிறார்கள், ஒரே வாக்கியத்துக்குள் பாட்டி ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது அந்த நிறம் மாறுவதிலேயே அந்தக் குடும்பத்தின் நிலைமை தெரிந்துவிடும்.

அதில் ஒரு காட்சியைச் சொல்லியே ஆகவேண்டும். சுன்ஜாவுக்குத் திடீரென்று கல்யாணம் முடிந்து மறுபடி பார்ப்போமா என்று தெரியாமல் கப்பல் ஏறப் போகிறாள். அம்மா அரிசிக் கடைக்குப் போய்க் கொஞ்சம் வெள்ளை அரிசி கேட்கிறார். அந்த மண்ணில் விளைந்த அரிசி, ஆனால் கொரியர்களுக்கு விற்றால் கடைக்காரருக்கே ஆபத்து, அது ஜப்பானியர்களுக்குப் போக வேண்டியது. புகுந்த வீட்டுக்குக் கொடுத்தனுப்ப என்னிடம் ஒன்றும் இல்லை, நம் மண்ணின் ருசியையாவது தந்து அனுப்புகிறேன் என்பதுபோல அந்த அம்மா சொன்னதும், கடைக்காரர் கேட்டதைவிடக் கொஞ்சம் கூடவே அளந்து போடுவார். பிறகு அந்த அரிசியைக் கழுவி, உலை வைத்து, ஆவி பறக்க வடித்துப் பரிமாறுவதை அவசரமே இல்லாமல் காட்டுகிறார்கள். காலனி ஆட்சி என்பது சட்டம், வரி, போலீஸ் என்று நாம் படிப்போம். இங்கே அது ஒரு கிண்ணம் சோறு. 1923 காண்டோ நிலநடுக்கத்தின்போது வதந்தியை நம்பி ஜப்பானில் கொரியர்களைத் தேடித் தேடிக் கொன்றதும் முதல் சீசனின் ஏழாவது எபிசோடில் வருகிறது. சீசன் முடிவில் அப்படி ஜப்பானுக்குப் போய் வாழ்ந்த நிஜப் பாட்டிகளே வந்து பேசுகிறார்கள், அதைத் தவறவிடாதீர்கள்.

'மிஸ்டர் சன்ஷைன்' 2018இல் வந்தது, 24 எபிசோட், கண்ணுக்கு இதைவிட அழகான தொடர் கிடைப்பது கஷ்டம். அடிமைகளின் மகனாகப் பிறந்து அமெரிக்காவுக்குத் தப்பிப்போய், அந்த நாட்டு மரைன் அதிகாரியாகத் திரும்பி வருகிறவன் கதாநாயகன். 1871இல் அமெரிக்கக் கடற்படை காங்ஹ்வா தீவைத் தாக்கியதிலிருந்து 1907இல் ஜப்பான் கோஜோங் மன்னரை அரியணையிலிருந்து இறக்கிக் கொரியப் படையைக் கலைத்ததுவரை முக்கியமான திருப்பங்கள் எல்லாம் வருகின்றன. கதாபாத்திரங்கள் கற்பனை, சுற்றி நடப்பது பெரும்பாலும் நிஜம் என்ற கலவை. இதில் ஒரு சிக்கலும் இருந்தது: ஒரு முக்கியக் கதாபாத்திரத்தை நிஜமான ஜப்பானியத் தீவிர தேசியவாத அமைப்பின் ஆளாகக் காட்டி அவன்மேல் இரக்கம் வரும்படி எழுதியதற்குக் கொரியாவிலேயே எதிர்ப்பு கிளம்பி, தயாரிப்பாளர்கள் மன்னிப்புக் கேட்டு அமைப்பின் பெயரைக் கற்பனைப் பெயராக மாற்றினார்கள். ஆனால் அந்தக் கடைசி எபிசோட். 1907இல் மெக்கன்ஸி என்ற பத்திரிகையாளர் மலைப்பகுதிக்குப் போய் 'நீதிப்படை' என்று சொல்லப்பட்ட சாதாரண மக்கள் படையைப் படம் எடுத்தார், கலைக்கப்பட்ட படையின் சீருடை போட்ட ஒருவரும் பழைய துப்பாக்கி பிடித்த சின்னப் பையனும் அதில் நிற்பார்கள். அந்தப் புகைப்படத்தை ஆள் ஆளாக அப்படியே நிறுத்திக் காட்டியிருக்கிறார்கள். பச்சிங்கோ முடிந்ததும் இதைப் பாருங்கள், ஜப்பான் எப்படி உள்ளே வந்தது என்ற கேள்விக்கு இதில்தான் பதில் இருக்கிறது.

2025இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'வென் லைஃப் கிவ்ஸ் யூ டேஞ்சரின்ஸ்' எங்கே பொருந்தும் என்று கேட்பீர்கள். ஜேஜு தீவில் 1950களிலிருந்து ஒரு பெண்ணின் வாழ்க்கை முழுக்க. மூச்சைப் பிடித்துக் கடலுக்குள் போய்ச் சிப்பி எடுக்கும் ஹேன்யோ பெண்களைப் பற்றித் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வாசல் கிடையாது. அம்மா நாள் முழுக்க முங்கி எடுத்த காசை நானே கொடுத்து ஒரு நாளாவது அவளை வீட்டில் வைத்துக்கொள்வேன் என்று சின்னப் பெண் கவிதை எழுதும் இடத்தில் நான் நிறுத்திவிட்டு எழுந்து போனேன், தாங்கவில்லை. அரசியலைவிட வீடும் கடலும் வறுமையும்தான் இதில் அதிகம், ஆகவே 1988க்கு அப்புறம் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம்.

இப்போது அரண்மனை. இத்தனையும் பார்த்துவிட்டு வந்தால் உங்களுக்கு ஒரு கண் வந்திருக்கும். இன்னும் ஒரு உதவியும் கையில் இருக்க வேண்டும், அது சில்லோக் எனப்படும் ஜோசன் அரச வம்சத்தின் நாளாகமம். 25 மன்னர்கள், 472 வருடம். மன்னர் பேசுவதையும் செய்வதையும் வரலாற்று அதிகாரிகள் கூடவே இருந்து குறித்துக்கொள்வார்கள், அவர் இறந்த பிறகுதான் தொகுப்பார்கள், அந்தக் குறிப்பைப் பார்க்கும் உரிமை மன்னருக்கே கிடையாது. செஜோங் மன்னர் தன் அப்பாவைப் பற்றிய பகுதியைப் பார்க்க ஆசைப்பட்டார், மந்திரிகள் விடவில்லை. அந்த அப்பா தேஜோங் 1404இல் வேட்டையில் குதிரையிலிருந்து விழுந்ததும் முதலில் சொன்னது, இது வரலாற்று அதிகாரிக்குத் தெரியக் கூடாது என்று. அப்படி அவர் சொன்னதையும் சேர்த்து எழுதி வைத்திருக்கிறார்கள்! மூலமும் கொரிய மொழிபெயர்ப்பும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு கதாபாத்திரம் நிஜமா என்று பார்க்க உலாவியின் மொழிபெயர்ப்பு வசதியே போதும்.

எந்த அரண்மனைத் தொடர் என்பதற்கு ஒரே மன்னரைப் பற்றிய இரண்டு தொடரை ஒப்பிட்டாலே விடை கிடைக்கும். ஜோங்ஜோ மன்னர், 1776 முதல் 1800 வரை ஆண்டவர். அவருடைய அப்பா சாதோ இளவரசரை, அவரைப் பெற்ற மன்னரே 1762இல் மரத்தாலான அரிசிப் பெட்டிக்குள் அடைத்துச் சாகவிட்டார், அப்போது ஜோங்ஜோ சிறுவன். இவரைப் பற்றி எம்பிசி சேனல் இரண்டு முறை எடுத்திருக்கிறது. 'யி சான்' 2007இல் ஆரம்பித்து 77 எபிசோட் ஓடியது. 'தி ரெட் ஸ்லீவ்' 2021இல் வந்தது, 17 எபிசோட். இரண்டிலும் அவர் விரும்பிய பெண் ஒருத்தியே, பின்னால் உய்பின் சோங் என்ற பட்டம் பெற்றவர். யி சானில் அவர் ஓவியக் கூடத்தில் வேலை பார்க்கும் சிறுவயதுத் தோழி, இது முழுக்கக் கற்பனை. ரெட் ஸ்லீவில் அவர் அரண்மனைப் பணிப்பெண், நல்ல கையெழுத்துக்காரி, கதைகளைப் படியெடுப்பவர். இதற்கு ஆதாரம் உண்டு, மன்னரின் தங்கைகளோடு சேர்ந்து அவர் ஒரு நாவலைப் படியெடுத்த பிரதி இன்றும் இருக்கிறது.

இன்னொரு விஷயம் அதைவிடப் பெரியது. அந்தப் பெண் இறந்த பிறகு ஜோங்ஜோ தன் கையாலேயே எழுதிய கல்லறைக் குறிப்பில், இளம் வயதில் தன் துணைவியாகும்படி கேட்டபோது அவர் அழுது மறுத்ததையும், 15 வருடம் கழித்துக் கேட்டபோதும் மறுத்ததையும் சொல்லியிருக்கிறார். மன்னர் அழைத்தால் பணிப்பெண்ணுக்கு மறுக்கும் உரிமை உண்டா, மறுத்தால் அவளுக்கு எதை இழக்கப் பயம் என்ற கேள்வியைத்தான் ரெட் ஸ்லீவ் முழுத் தொடராக விரித்திருக்கிறது. யி சான் அரசியலைக் கூடுதலாகச் சொல்கிறது, கட்சிச் சண்டைகளும் சீர்திருத்தங்களும் விரிவாக வருகின்றன. இருந்தாலும் என் ஓட்டு ரெட் ஸ்லீவுக்கு. 17 எபிசோடில் ஓர் அரண்மனைப் பெண்ணின் நாள் எப்படிப் போகும், அவளுக்குச் சம்பளம், மேலதிகாரி, தோழிகள், விடுப்பு என்ன என்று அவ்வளவு நெருக்கமாகக் காட்டுகிறது.

எல்லாருக்கும் பிடித்த 'ஜுவல் இன் த பேலஸ்' பற்றிச் சொல்லாமல் முடியாது. இலங்கையில் ரூபவாஹினியில் சிங்களத்தில் 'சுஜாத தியணி' என்று வந்தபோது அங்கே ஊரே பார்த்த தொடர் அது. 2003 தொடர், 54 எபிசோட். ஜாங்-கும் என்ற பெண் வைத்தியர் நிஜமாகவே இருந்தார், சில்லோக்கில் சில வரிகள்தான் உண்டு, 1544இல் சாகக் கிடந்த ஜுங்ஜோங் மன்னர் என் நோயை அந்தப் பெண் வைத்தியர் அறிவார் என்று சொன்னது உட்பட. மீதி எல்லாம் எழுத்தாளர் கட்டியது. சமையலறைப் பகுதி எனக்கு ரொம்பப் பிடிக்கும், அரண்மனைச் சமையல் மரபைக் காக்கும் ஹான் போக்-ரியோ அதற்கு ஆலோசகராக இருந்தார். ஆனால் நிஜ அரண்மனையில் சமையலில் பெரும்பகுதியைச் செய்தவர்கள் ஆண்கள். உணவும் பழக்கவழக்கமும் கற்க இதைப் பாருங்கள், யார் யாரைக் கவிழ்த்தார்கள் என்பதை மட்டும் வரலாறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மொழியில் ஆர்வம் இருந்தால் 'ட்ரீ வித் டீப் ரூட்ஸ்', 2011, 24 எபிசோட். செஜோங் 1443இல் கொரிய எழுத்தை உருவாக்கி 1446இல் வெளியிட்டதைக் கொலை மர்மக் கதையாகச் சொல்கிறார்கள். கொலைகளும் ரகசியச் சங்கமும் கற்பனை. படித்தவர்கள் எதிர்த்தது நிஜம், சே மான்-ரி 1444இல் எழுதிக் கொடுத்த எதிர்ப்பு மனுவே இருக்கிறது. நாக்கும் தொண்டையும் இருக்கும் நிலையைப் பார்த்து எழுத்துக்கு வடிவம் கொடுத்தார்கள் என்ற இடம் வரும்போது, தொல்காப்பியத்தில் பிறப்பியல் படித்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடும்.

நண்பர்கள் சொல்கிறார்கள் என்று 'மிஸ்டர் குவீன்', 'கிங்டம்' மாதிரித் தொடர்களில் வரலாறு தேடாதீர்கள். ரசிப்பதற்கு அருமையானவை, அவ்வளவுதான். மிஸ்டர் குவீன் வந்தபோது அதில் காட்டப்பட்ட அரச குடும்பத்துப் பெண்ணின் வம்சத்தினரே எதிர்ப்புத் தெரிவித்து, குலப் பெயர்களை மாற்ற வேண்டி வந்தது. 2021 மார்ச்சில் எஸ்பிஎஸ்ஸில் வந்த 'ஜோசன் எக்சார்சிஸ்ட்' இன்னும் மோசம். தேஜோங் மன்னர் அப்பாவி மக்களை வெட்டுவதாகக் காட்டியதும், கொரிய விருந்தில் சீனப் பலகாரங்களை வைத்ததும் பெரிய கோபத்தைக் கிளப்பி, விளம்பரம் தந்த கம்பெனிகள் விலகி, இரண்டே எபிசோடில் தொடரை நிறுத்திவிட்டார்கள்.

காதல் எல்லாம் வேண்டாம், போரும் ராஜதந்திரமும்தான் வேண்டும் என்பவர்களுக்கு ஜோசனுக்கும் முந்தைய கோரியோ அரச காலம் இருக்கிறது: 'கோரியோ–கிதான் வார்', கேபிஎஸ், 2023 நவம்பரில் ஆரம்பித்தது, 32 எபிசோட். யாங் கியூ என்ற தளபதி சின்னப் படையை வைத்துக்கொண்டு, வடக்கிலிருந்து படையெடுத்து வந்த கிதான்கள் பிடித்துப்போன மக்களை மீட்டு மீட்டு 1011இல் போர்க்களத்திலேயே விழுவது 16ஆவது எபிசோட். அதுவரை மூச்சுவிடாமல் பார்க்கலாம். அதற்குப் பிறகு வரும் உள்நாட்டு அரசியல் பகுதியைக் கதையின் மூல நாவலாசிரியரே குறை சொன்னார், எனக்கும் அது இழுவையாகவே பட்டது. நேரம் குறைவு என்றால் 16ஆவதிலிருந்து நேராகக் கடைசிப் பகுதிக்குப் போய், 1019இல் காங் காம்-சான் கிவிஜுவில் கிதான் படையை முறியடிப்பதைப் பாருங்கள்.